கடும் வெயிலில் டர்போ எஞ்சின்: சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் வேலைகள், செய்ய வேண்டிய வரிசையில்

டர்போ என்பது, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைனும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கம்பிரசரும் ஒரே ஷாஃப்டில் இணைந்த கருவி. டர்போ எஞ்சினில் மூன்று விதமான சூடு ஒரே நேரத்தில் ஓடுகிறது. முழு லோடில் டர்பைனுக்குள் நுழையும் எக்ஸாஸ்ட் வாயு பெட்ரோல் எஞ்சினில் 900 முதல் 1050 டிகிரி செல்சியஸ் வரையும், டீசலில் 750 முதல் 850 டிகிரி வரையும் போகும். அதே ஷாஃப்டின் மறுமுனையில், கம்பிரசர் காற்றை அழுத்தும்போதே அதைச் சூடாக்குகிறது. 40 டிகிரி வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 70 சதவீதத் திறனுள்ள கம்பிரசரிலிருந்து அது சுமார் 138 டிகிரியில் வெளியே வரும். மூன்றாவது சூடு ஆயிலில்: இந்த இரண்டுக்கும் நடுவே, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றுகிறது. சிறிய டர்போக்களில் இது 2 லட்சத்தையும் தாண்டும்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். ரேடியேட்டர் முன்னால் தூசி அடைத்துக் கிடக்க, பெரிய இன்டர்கூலர் (கம்பிரசரில் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பாகம்) வாங்கி மாட்டுவார்கள். ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடிக்காமல் இருக்க, தெர்மோஸ்டாட்டை (வெப்பத்துக்கு ஏற்பக் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வ்) கழற்றி எறிவார்கள். கீழே உள்ள வரிசை, ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையின் பலனைத் தெளிவாகக் காட்டும்படி அமைந்தது. மாற்றிச் செய்தால் எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாது.

1. கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் மேனுவல், வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் (புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும்), இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்ப், கூலன்ட் அடர்த்தி பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், வாலையில் வடித்த நீர், மேனுவலில் சொன்ன வகைக் கூலன்ட், டார்க் ரென்ச், மெல்லிய தகடுகளை நிமிர்த்தும் ஃபின் சீப்பு, கையுறை, கண்ணாடி.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான்கு மணி நேரமாவது நின்ற வண்டியாக இருக்கட்டும். பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அதன் பக்கத்தில் கை வைக்கும் முன் ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நம்புவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பளபளப்பான அலுமினியத்தின் மேல் அது உண்மையான வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியான எண் கிடைக்கும். ரேடியேட்டர் தொட்டி, இன்டர்கூலர் குழாய் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். டர்போ பக்கம் டேப் தாங்காது.

2. எதையும் கழற்றும் முன் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

டேஷ்போர்டு முள்ளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நகரத் தொடங்கும்போது பிரச்சினை ஏற்கெனவே முற்றியிருக்கும். அளவுக்கு ஸ்கேனர்தான் வழி.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியவை: கூலன்ட் வெப்பம், இன்டேக் காற்றின் வெப்பம், பூஸ்ட் (டர்போ காற்றில் கூட்டும் அழுத்தம்), இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளில் செய்யும் திருத்தம்). வண்டி காட்டினால் ஆயில் வெப்பமும். இன்டேக் வெப்பத்துக்குச் சில எஞ்சின்களில் இரண்டு சென்சார்கள் உண்டு. ஒன்று ஏர் ஃபில்டருக்கு அருகில், இன்னொன்று இன்டர்கூலருக்குப் பிறகு. நமக்குத் தேவை இரண்டாவது.

முதல் அளவு காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், இக்னிஷன் மட்டும் போட்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் எல்லா வெப்ப சென்சார்களும் வெளிக்காற்றின் வெப்பத்தையே, இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள், காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து டிகிரி விலகி நின்றால் முதலில் அந்த சென்சாரைக் கவனியுங்கள். தவறான சென்சாரை நம்பி ரேடியேட்டர் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சீரான வேகத்தில், 80 கி.மீ. அளவில், பத்து நிமிடம். முன்பக்க இன்டர்கூலர் உள்ள வண்டியில் இன்டேக் காற்று வெளிக்காற்றைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. பிறகு ஏ.சி. போட்டு நின்ற இடத்தில் பத்து நிமிடம். இப்போது இன்டேக் வெப்பம் வெளிக்காற்றைவிட 30 டிகிரிக்கு மேல் கூடலாம். அது கவலைக்குரியது அல்ல. வண்டி நகர்ந்ததும் ஓரிரு நிமிடத்தில் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றால் இன்டர்கூலர் வழியாகக் காற்று சரியாகப் போகவில்லை.

இந்த எண்களை, அன்றைய வெளி வெப்பத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே அளவுகளைத் திரும்ப எடுப்போம்.

3. காற்று போகும் வழியைத் திறந்துவிடுங்கள்

செலவே இல்லாத வேலை. பெரும்பாலான வண்டிகளில் அதிகப் பலன் தருவதும் இதுதான். முன்பக்கத்தில் ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். வெளியே தெரியும் கண்டென்சர் சுத்தமாக இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் கம்பளி போல் படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். நேராக அடியுங்கள், சாய்த்து அடித்தால் தகடுகள் மடங்கும். பிரஷர் வாஷரை அருகில் கொண்டுபோவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஒரே வீச்சில் ஒரு கை அகலத்துக்குத் தகடுகள் படுத்துவிடும், பிறகு அந்தப் பகுதியில் காற்றே போகாது. மடங்கியதை ஃபின் சீப்பால் பொறுமையாக நிமிர்த்துங்கள்.

கண்டென்சரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், மென்மையான டிடர்ஜென்ட் கரைசலைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்: ஏ.சி. கேஸ் கசிவாக இருக்கலாம், இன்டர்கூலர் ஹோஸ் கசிவாகவும் இருக்கலாம்.

சுத்தம் செய்த பிறகு ஓரங்களைக் கவனியுங்கள். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஃபோம் பட்டைகள், பிளாஸ்டிக் காற்று வழித்தகடுகள், எஞ்சினுக்கு அடியில் உள்ள மூடி எல்லாம் காரணத்தோடுதான் இருக்கின்றன. இடைவெளி இருந்தால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கத்தில் நழுவும். அடிமூடி இல்லாவிட்டால், வண்டி நிற்கும்போது எஞ்சின் அறையின் சூடான காற்று கீழ்வழியாகச் சுற்றி மறுபடி முன்பக்கம் வந்து ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும். சர்வீஸ் செய்தவர்கள் இந்த மூடியைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கிரில் முன்னால் மாட்டிய கூடுதல் விளக்குகள், அலங்கார வலை ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே இருக்கும் வண்டியில், பானெட்டின் காற்றுத் திறப்பும் இன்டர்கூலர் ரப்பரும் இடைவெளி இல்லாமல் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

4. கூலன்ட்: கலவை, மூடி, கசிவு, காற்று

பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி வடித்த நீர் என்ற கலவை சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் மூடி போட்டு அழுத்தம் ஏற்றினால் கொதிநிலை 129 டிகிரிக்குப் போகும். ஆக, சிஸ்டத்தின் பாதுகாப்பு எல்லையில் 20 டிகிரிக்கு மேல் அந்தச் சின்ன மூடியின் ஸ்பிரிங்கிலும் ரப்பரிலும் இருக்கிறது. ரப்பர் இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். புதிய மூடியில் பழைய மூடியின் அதே அழுத்த எண் இருக்க வேண்டும். அதிக அழுத்தம் தாங்கும் மூடி நல்லது என்று நினைத்து மாட்டினால் பழைய ஹோஸும் ரேடியேட்டர் தொட்டியும் வெடிக்கும்.

டர்போவுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம் என்றால், எஞ்சினை நிறுத்தியதும் முதலில் கொதிக்கும் இடம் டர்போவின் நடுப்பகுதியில் உள்ள நீர் அறைதான். பம்ப் நின்றுவிட்டது, பக்கத்தில் டர்பைன் கூடு இன்னும் பல நூறு டிகிரியில் இருக்கிறது. அழுத்தம் இல்லாத சிஸ்டத்தில் அங்கே நீராவி உருவாகி, பேரிங்கைக் காக்க வேண்டிய நீரை வெளியே தள்ளிவிடும்.

வெயில் அதிகம் என்பதற்காகக் கூலன்டைக் கெட்டியாக ஊற்ற வேண்டாம். கிளைக்கால் கூடினால் கலவை வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும். 60 சதவீதத்துக்கு மேல் போனால் லாபமே இல்லை. வெறும் தண்ணீரும் தீர்வு ஆகாது. அது வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் கொதிக்கும், அலுமினியத்தை அரிக்கும், பம்ப் சீலைக் காயவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் 45 முதல் 55 சதவீதத்துக்குள் வந்தால் போதும்.

நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். கூலன்ட் நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. இரண்டு வகை கலந்தால் சில நேரம் கூழாகி, ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் டர்போவின் மெல்லிய நீர்க் குழாயையும் அடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, தெளிவாக வரும்வரை வடித்த நீரால் அலசிவிட்டுப் புதிதாக நிரப்புவதே சரி.

கசிவுக்கு, ஆறிய எஞ்சினில் கைப்பம்பால் மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். பம்பின் முள் இறங்கினால் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் டர்போவுக்குப் போகும் நீர்க் குழாயின் பேஞ்சோ போல்ட் (குழாயை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) வாஷர்கள். சூட்டில் காய்ந்துவிடுவதால் இங்கே ஈரம் தெரியாது. வெள்ளை அல்லது கூலன்ட் நிறத்தில் உப்புப் படிவு மட்டும் தெரியும். அந்த வாஷர்களைக் கழற்றினால் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும்.

நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அந்த வழியும் திறந்தால்தான் அங்குள்ள காற்று வரும். காற்றுத் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வரும்வரை திறந்து வைத்து மூடுங்கள். மின்சாரப் பம்ப் உள்ள வண்டியில் ஸ்கேனர் மூலம் காற்று நீக்கும் ஓட்டத்தை இயக்க வேண்டும். கையால் மட்டும் செய்தால் பாதிக் காற்று உள்ளேயே நிற்கும். பிறகு இரண்டு முறை சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, அளவைப் பாருங்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. சூட்டில் விரிய இடம் வேண்டும்.

இன்டர்கூலரை நீரால் குளிர்விக்கும் எஞ்சின்களில் அதற்குத் தனிச் சுற்று, தனிப் பம்ப், பெரும்பாலும் தனித் தொட்டியும் உண்டு. அந்தச் சிறு மின்பம்ப் நின்றுபோனால் கூலன்ட் வெப்பம் இயல்பாகவே இருக்கும். இன்டேக் வெப்பம் மட்டும் லோடு கூடும்போதெல்லாம் விடாமல் ஏறும். இரண்டாவது படியில் எடுத்த அளவு இங்கே கைகொடுக்கும்.

5. ஃபேன், தெர்மோஸ்டாட்

ஸ்கேனரில் ஃபேனைக் குறைந்த வேகம், முழு வேகம் இரண்டிலும் இயக்கிப் பாருங்கள். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோய், முழு வேகம் மட்டும் வேலை செய்யும் வண்டிகள் நிறைய. இதில் ஏ.சி. போட்டு நிற்கும்போது வெப்பம் ஏறி ஏறி இறங்கும். மோட்டார் மாற்றியிருந்தால் காற்று எஞ்சின் பக்கம் போகிறதா என்று ஒரு காகிதத்தை கிரில் முன்னால் பிடித்துப் பாருங்கள். வயர் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாது. கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். குளிர்ந்த வேளையில் எஞ்சின் சூடேறாததால் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டும், அது சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். மின்சாரக் கட்டுப்பாடு உள்ள தெர்மோஸ்டாட்டுகள் லேசான லோடில் கூலன்டை வேண்டுமென்றே 105 டிகிரி வரை விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இறக்கும். அத்தகைய வண்டியில் 105 என்ற எண்ணைக் கண்டு பதற வேண்டாம்.

6. ஆயில்: டர்போவின் உயிர் இங்கேதான்

ஆயில் டர்போ எஞ்சினில் மூன்று வேலை செய்கிறது. டர்போ ஷாஃப்டைத் தாங்குகிறது, பேரிங்கின் சூட்டை வெளியே கொண்டுபோகிறது, பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஜெட் வழியே பீய்ச்சி பிஸ்டனைக் குளிர்விக்கிறது. எனவே ஆயில் கெட்டால் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் சூடு ஏறும்.

வாங்கும்போது பிராண்டைவிட டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள அங்கீகார எண்ணைப் பாருங்கள். மேனுவலில் கார் நிறுவனம் கொடுத்த எண் அங்கே இருக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் டர்போவுக்கு, 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. அல்லது ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-6 தரம் நல்ல தேர்வு. குறைந்த சுற்றில் அதிக லோடு கொடுக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு இந்த எஞ்சின்களில் உண்டு, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயில் துளிகளும் அதைத் தூண்டும். இந்தத் தர ஆயில்களில் கால்சியம் டிடர்ஜென்டைக் குறைத்து அந்த ஆபத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

வெயிலுக்காகத் தடித்த ஆயில் ஊற்றலாமா? மேனுவலில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் கொடுத்து, வெளி வெப்பத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் தாராளமாக. ஒன்று மட்டும் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். பிஸ்டன் ஜெட்டுகளும் வால்வ் டைமிங் கருவிகளும் குறிப்பிட்ட தடிமனுக்கு அளந்து செய்தவை. சூட்டில் படலம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, 150 டிகிரியில் அளக்கும் எச்.டி.எச்.எஸ். எண்ணைப் பார்க்கலாம்; ஏ.சி.இ.ஏ. சி3 வகையில் அது குறைந்தது 3.5.

மாற்றும் இடைவெளிக்கு மேனுவலில் கடினச் சூழல் என்ற தனி அட்டவணை இருக்கும். கடும் வெயில், தூசி, நெரிசல், குறைந்த தூர ஓட்டம் எல்லாம் அதில்தான் வரும். அந்த அட்டவணை இல்லாவிட்டால் சாதாரண இடைவெளியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே. மேல்குறியைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது.

இனி குழாய்கள். டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது, ஆனால் திரும்பி வருவது வெறும் ஈர்ப்பு விசையால். திரும்பும் குழாய் எங்கும் தொங்கிக் குழியாமல், நசுங்காமல், தொடர்ந்து கீழ்நோக்கியே இறங்க வேண்டும். அந்தக் குழாயின் கேஸ்கெட்டில் சிலிகான் பேஸ்ட் தடவுவது நாசம் விளைவிக்கும் பழக்கம். உள்பக்கம் பிதுங்கிய துண்டு வழியை அடைக்கும், ஆயில் டர்போவுக்குள் தேங்கும், சீலைத் தாண்டி எக்ஸாஸ்டிலோ இன்டேக்கிலோ கசியும். நீலப் புகை வந்ததும் டர்போ போச்சு என்று தீர்மானித்துவிடுவார்கள். கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் வால்வ் அடைத்தாலும் இதே அறிகுறிதான். உள்ளே அழுத்தம் கூடுவதால் ஆயில் இறங்க முடியாது. டர்போவைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

உள்ளே போகும் குழாயில் சில வண்டிகளில் பேஞ்சோ போல்ட்டுக்குள் சிறு வலை ஃபில்டர் உண்டு. சூட்டில் ஆயில் கருகி அது அடைபடும். டர்போ மாற்றும்போது பழைய குழாயையே திரும்பப் போட்டால், பழைய டர்போவைக் கொன்ற அதே அடைப்பு புதியதையும் கொல்லும். மாற்றிய பிறகு டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டு, எரிபொருளை நிறுத்தி வைத்து ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். அதற்குப் பிறகே ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐட்லிங்கில் விடலாம்.

7. பூஸ்ட் கசிவு

சூட்டைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை. ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் கம்பிரசர் திறன் குறையும், வெளியே வரும் காற்று மேலும் சூடாகும், டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தமும் கூடும். அடைத்த ஏர் ஃபில்டரும் இதையேதான் செய்யும், அதனால் தூசியுள்ள இடத்தில் அதைச் சீக்கிரம் மாற்றுங்கள்.

புகை இயந்திரம் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஏர் ஃபில்டருக்குப் பிறகான குழாயை மூடி, அரை பார் காற்று மட்டும் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். அரை பாருக்கு மேல் ஏற்றினால் கிராங்க்கேஸ் வழியாக சீல்களுக்கு அழுத்தம் போகும். இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனைகளும் அலுமினியமும் சேரும் மடிப்பில் எண்ணெய்க் கறை இருந்தால் கசிவு அங்கேதான்.

இன்டர்கூலருக்குள் கொஞ்சம் ஆயில் ஈரம் இருப்பது சகஜம். குளமாகத் தேங்கினால் கழற்றி, ஆயிலைக் கரைக்கும் திரவத்தால் அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

8. பெட்ரோலும் ஸ்பார்க் பிளக்கும்

இங்கே ஒரு தீய சுழல் இருக்கிறது. இன்டேக் காற்று சூடானால் சிலிண்டரில் நாக் (கலவையின் ஒரு பகுதி கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) தொடங்கும். நாக் சென்சார் கேட்டதும் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். தாமதமாக எரியும் கலவை எக்ஸாஸ்டைக் கூடுதல் சூட்டோடு விட்டுச் செல்லும். டர்பைனைக் காக்க, லேம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.8 - 0.9 அளவுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் விழும், சக்தி குறையும். வெயிலில் வண்டி இழுக்கவில்லை என்று வருபவர்களில் பலருக்கு எதுவும் பழுதில்லை. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவே. போதாததற்கு, காற்று 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும்.

சுழலை உடைக்க முதல் வழி ஆக்டேன் (பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவைச் சொல்லும் எண்). மேனுவல் 95 பரிந்துரைத்து 91-ஐ அனுமதித்தால், வெயில் மாதங்களில் 95 போடுங்கள். ஸ்கேனரில் டைமிங்கை ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 91-க்கே வடிவமைத்த எஞ்சினில் கூடுதல் செலவுக்குப் பலன் கிடைக்காது.

டர்போ எஞ்சினில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.8 மி.மீ.; மேனுவல் எண்ணையே பின்பற்றுங்கள். தேய்ந்து அகன்ற இடைவெளியில் பூஸ்ட் ஏறும்போது ஸ்பார்க் தவறும், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். டார்க் ரென்ச் கொண்டு இறுக்குங்கள். தளர்வாக இருக்கும் பிளக் தன் சூட்டைச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் தானே பற்றவைக்கும் புள்ளியாகிவிடும்.

9. எக்ஸாஸ்ட் பக்கம்

வெப்பத் தகடுகள் ஒன்றும் விடாமல் இருக்கின்றனவா, போல்ட் தளர்ந்து ஆடுகின்றனவா என்று பாருங்கள். சத்தம் வருகிறது என்று கழற்றி வீசிய தகட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ரப்பர் ஹோஸோ வயர் கட்டோ இருக்கும்.

டர்போவுக்குப் போர்வையும் மேனிஃபோல்டுக்குச் சுருள் துணியும் சுற்றுவது எஞ்சின் அறையைக் குளிர்விக்கும், உண்மைதான். ஆனால் வெளியேற முடியாத சூடு உலோகத்திலேயே தங்கும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசலுக்கு இது வழி. தயாரிப்பாளர் அப்படி வடிவமைக்காத வண்டியில், துணியைவிட இடைவெளி விட்டு மாட்டிய தகடும், ஹோஸ்களுக்குப் பளபளப்பான வெப்ப உறையும் பாதுகாப்பானவை.

டீசலில் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னில் சேர்ந்த கரியை எரிக்கும் சுத்திகரிப்பு நடக்கும்போது ஃபில்டர் 600 டிகிரி அளவுக்குச் சூடாகும். ஐட்லிங் சற்றுக் கூடி, ஃபேன் வேகமாகச் சுற்றினால் அதுதான் நடக்கிறது. அது முடியும்வரை ஓட்டுங்கள்; பாதியில் நிறுத்தினால் அவ்வளவு சூடும் அடியிலேயே தேங்கும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவே கூடாது.

10. ஓட்டும்போது

பெரிய கியரில், 1500 சுற்றில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பது டர்போ எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம். முன்கூட்டிப் பற்றும் கோளாறு அங்கேதான் வரும். கூலன்ட் பம்பும் அப்போது மெதுவாகத்தான் சுற்றும். மேட்டில் ஒரு கியர் இறக்கி 2500-3000 சுற்றில் ஏறினால் அதே வேலையைக் குறைந்த சிலிண்டர் அழுத்தத்தில் செய்யலாம், கூலன்டும் வேகமாக ஓடும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சூடேறும்வரை முழு பூஸ்ட் வேண்டாம். வெயில் நாளிலும் இது பொருந்தும், ஏனென்றால் கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடாகப் பல நிமிடம் பிடிக்கும்.

11. நிறுத்தும்போது

மேடு ஏறியோ அதிவேகத்தில் ஓடியோ வந்து சட்டென்று நிறுத்தினால், ஆயில் ஓட்டம் நிற்கும், டர்பைன் கூட்டின் சூடு நடுப்பகுதிக்குள் பாயும். பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இது ஒரே நாளில் கொல்லாது. படிவு சேர்ந்து ஆயில் வழியை மெல்ல மெல்லக் குறுக்கும்.

கடைசி இரண்டு மூன்று கி.மீ. பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டுவதே சிறந்த வழி. அது முடியாவிட்டால் ஒரு நிமிடம் ஐட்லிங். நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்தும்போது இது தேவையே இல்லை. தானாக எஞ்சினை அணைக்கும் வசதி இருந்தால், நெடுஞ்சாலையிலிருந்து நேராகச் சுங்கச் சாவடி போன்ற இடத்தில் நிற்கப் போகும்போது அதை அணைத்து வையுங்கள்.

நிறுத்திய பிறகு ஃபேனோ சிறு மின்பம்போ பத்து நிமிடம் வரை ஓடும் சத்தம் கேட்கலாம். டர்போவுக்கு நீர் சுற்றுகிறது. அதை நிறுத்த பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றாதீர்கள்.

12. முள் ஏறிவிட்டால்

முள் நடுவைத் தாண்டியதும் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வையுங்கள், காலைத் தளர்த்துங்கள். ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும். இறங்க ஆரம்பித்தால் மெதுவாகப் போகலாம்.

சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். நீராவி வந்தால் பானெட்டை உடனே திறக்காதீர்கள். மூடியை 45 நிமிடமாவது தொட வேண்டாம்; திறந்தால் 120 டிகிரிக் கூலன்ட் முகத்தில் பாயும். எஞ்சின் மேலோ டர்போ மேலோ குளிர்ந்த நீர் ஊற்றினால் வார்ப்பு விரிசல் விடும். ஹீட்டரை முழுக்க வைத்தும் குளிர்ந்த காற்றே வந்திருந்தால், கூலன்ட் பெரும்பகுதி போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு கி.மீ. கூட ஓட்டாமல் இழுத்துச் செல்ல வண்டி வரவழையுங்கள்.

13. இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால்

இரண்டாவது படியின் அளவுகளைத் திரும்ப எடுத்து, பழைய எண்களோடு பக்கத்தில் வையுங்கள். கூலன்ட் இயல்பு, ஓடும் வேகத்திலும் இன்டேக் மட்டும் வெளிக்காற்றைவிட 25-30 டிகிரி அதிகம் என்றால், பெரிய இன்டர்கூலர் பலன் தரும் செலவு. ஆனால் அது ரேடியேட்டருக்கு முன்னால் இன்னும் தடித்து நிற்கும்; மாட்டிய பிறகு கூலன்ட் வெப்பத்தை மறுபடி அளந்தாக வேண்டும். கூலன்டும் இன்டேக்கும் இயல்பாக இருந்து, மேட்டில் ஆயில் மட்டும் 130 டிகிரியைத் தாண்டினால், தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் போடலாம். தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் குளிர்ந்த காலையில் ஆயிலைச் சூடேறவே விடாது. கூலன்ட் ஓடும்போது சரி, நிற்கும்போது மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேனிலும் அதன் பிளாஸ்டிக் கூட்டிலும்தான் குறை. நிற்கும்போது சரி, வேகத்தில் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, இல்லையேல் பம்பின் விசிறி தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரின் முகம் முழுவதும் தெர்மாமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். அடைத்த குழாய்கள் இருக்கும் இடம் சுற்றியுள்ள பகுதியைவிடக் குளிர்ந்து காட்டும்.